பிளக் நுழைந்தால் போதுமா?

நுரையீரல் நோயாளிகள் பலர் ஆக்சிஜன் செறிவூட்டியையும் சி-பாப் கருவியையும் இன்று வீட்டிலேயே பயன்படுத்துகின்றனர். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வாங்கி அனுப்பிய கருவிகளும் இவற்றுள் உண்டு. கருவியைப் பற்றி எங்களிடம் விரிவாகக் கேட்கும் குடும்பத்தார், அது செருகப்படும் சாக்கெட்டைப் பற்றிக் கேட்பதில்லை. பிளக் நுழைகிறது, கருவி ஓடுகிறது என்பதே போதுமெனக் கருதுகின்றனர். அது போதாது.

நம் வீடுகளிலுள்ள உருண்டை முனை பிளக், பிரிட்டனின் பழைய வடிவம். பிரிட்டன் 1947-இல் உள்ளே ஃபியூஸ் கொண்ட தட்டைமுனை பிளக்கை வகுத்துக்கொண்டது. சிங்கப்பூரும் மலேசியாவும் இன்று அதையே பயன்படுத்துகின்றன. அங்கும் இங்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. ஆகையால் அங்கிருந்து வந்த கருவிக்குத் தரமான நம்மூர் பிளக்கை மாற்றினால் போதும்.

அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கடையில் விற்கும் சாதாரண அடாப்டர் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும். சி-பாப் கருவிகள் பெரும்பாலானவற்றில் '100–240' என அச்சிடப்பட்டிருக்கும், அவற்றுக்கு இடரில்லை. '120' என்று மட்டும் அச்சிட்ட செறிவூட்டியை இங்கே இணைத்தால் பழுதாகும், தீப்பற்றவும் கூடும். அதை அனுப்ப வேண்டாமென்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உண்மையில் ஏமாற்றுவது ஐரோப்பிய பிளக்தான். ஜெர்மானிய பிளக்கின் முனை 4.8 மி.மீ. தடிமன், நம் 6 ஆம்பியர் சாக்கெட் 5.1 மி.மீ. முனைக்கு உரியது. முனைகளுக்கிடையே உள்ள தொலைவு இரண்டிலும் 19 மி.மீ. என்பதால் அது எளிதில் நுழைந்துவிடும். ஆனால் அதன் எர்த் இணைப்பு பக்கவாட்டுத் தகட்டில் இருக்கிறது. நம் சாக்கெட்டில் அத்தகட்டைத் தொட ஏதுமில்லை. கருவி ஓடும், எர்த் இல்லாமல் ஓடும். உள்ளே மின்காப்பு பழுதுபட்டால், மண்ணுக்குச் செல்ல வேண்டிய மின்சாரம் தொட்டவரின் உடல் வழியே செல்லும். மாமல்லபுரத்திற்கு வரும் பயணிகள் கைப்பேசி சார்ஜரை இவ்வாறு செருகுகிறார்களே என்று கேட்கலாம். சார்ஜரில் காப்பு இரட்டையாக இருப்பதால் அதற்கு எர்த் தேவையில்லை. மேல்துளையில் தீக்குச்சியைச் செருகி இருமுனை பிளக்கை நுழைக்கும் பழக்கமோ எந்தக் கருவிக்கும் ஆகாது.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடலோர வீடுகளுக்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. உப்புக்காற்றில் சாக்கெட்டினுள் இருக்கும் பித்தளைத் தகடு களிம்பேறிப் பிடி தளரும்; தளர்ந்த இடம் சூடேறும். ஐந்து லிட்டர் செறிவூட்டி இழுப்பது ஏறத்தாழ 350 வாட், அதாவது 1.5 ஆம்பியர்தான். இஸ்திரிப்பெட்டி இதைவிட அதிகம் இழுத்தாலும் சிறிது நேரமே ஓடும். நீண்டகால ஆக்சிஜன் சிகிச்சையிலோ நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம், நோயாளி உறங்கும்போதும், கருவி ஓடிக்கொண்டிருக்கும். அறையில் ஆக்சிஜன் கூடியிருப்பின் சிறு பொறியும் விரைந்து பரவும்.

கருவி ஓடத் தொடங்கிய ஒரு மணி நேரத்திற்குப் பின் பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியை உலர்ந்த கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, பழுப்பேறியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ சாக்கெட்டை மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். சுவரிலுள்ள தனி சாக்கெட்டே நன்று. எலக்ட்ரீஷியன் வரும்போது எர்த் இணைப்பையும் அளக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாதிருப்பதுண்டு. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தவும் அவரிடமே கேளுங்கள். வேலை முடியும்வரை நோயாளிக்குச் சிலிண்டரிலிருந்து, மருத்துவர் குறித்த அதே அளவில், ஆக்சிஜன் செல்லட்டும்.