பருவமழைக்கு முன் மோட்டார் சைக்கிள் சோதனை

திருவனந்தபுரத்திற்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள். ஜூன் முதல் நாளையொட்டித் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. இடையில் வெயில் காயும் நாள்களிலும் கடற்காற்று ஈரத்தையும் உப்பையும் சுமந்து வருகிறது. குன்றுகளின் மீது எழுந்த நகரமாதலால் ஏற்ற இறக்கமில்லாத பயணமும் அரிது. ஈரம், உப்பு, சரிவு ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்க வேண்டிய உறுப்பு பிரேக். ஆகவே நம் சோதனையை அங்கிருந்தே தொடங்குவோம்.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில், நாம் கைப்பிடியில் கொடுக்கும் அழுத்தத்தைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்வது பிரேக் ஆயில். இது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர இதன் கொதிநிலை தாழ்கிறது. நகரத் தெருக்களில் இக்குறை வெளிப்படுவதில்லை. பொன்முடிக்குச் சென்று, 22 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும்போது வெளிப்படக்கூடும். இடைவிடாது பிரேக் பிடிப்பதால் எழும் வெப்பத்தில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால், அழுத்தம் அக்குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். கைப்பிடி முழுவதும் உள்ளே வந்தும் வண்டி நிற்காது. இத்தகைய சரிவில் தாழ்ந்த கியரில் இறங்கி, பாதி வேலையை எஞ்சினுக்கே விடுவது நல்லது.

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இந்த ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றனர். வண்டி அதிகம் ஓடவில்லையே என்று தள்ளிப்போடுவது பொருந்தாது. நிற்கும் வண்டியிலும் ஈரம் ஏறும். கைப்பிடியருகே உள்ள சிறு கண்ணாடிவழியே பார்த்தால் ஆயிலின் அளவும் நிறமும் தெரியும். நிறம் கறுத்திருந்தால் மாற்ற வேண்டும். அளவு இறங்கியிருந்தால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கேனும் கசிவு இருக்கலாம். காரணம் அறியாமல் மேலும் ஊற்றுவதில் பயனில்லை. டிரம் பிரேக்கில் வெளியே ஓர் அம்புக்குறி உண்டு. பிரேக் பிடிக்கும்போது அது எல்லைக்கோட்டைத் தொடுமாயின் உள்ளே லைனிங் தேய்ந்துவிட்டது.

டயரில் சட்டம் கோரும் குறைந்தபட்சப் பள்ளம் 0.8 மில்லிமீட்டர். பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளுக்கு நேராக, பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அம்மேடுகளோடு சமமானால் அதன் ஆயுள் முடிந்தது. மழைக்காலத்திற்கு அதுவரை காத்திராமல் முன்னரே மாற்றுவதே நம் பரிந்துரை. காற்றழுத்தத்தைப் பயணத்திற்கு முன், டயர் குளிர்ந்திருக்கையில் பார்க்க வேண்டும்.

சங்குமுகம், கோவளம் போன்ற கடற்கரைகளுக்குச் சென்று திரும்பினால் வண்டியை நன்னீரால் கழுவி, ஈரம் உலர்ந்தபின் செயினுக்கு எண்ணெயிடுவோம். விளக்குகள், ஹாரன், எஞ்சின் ஆயில் ஆகியவற்றைப் பார்க்க இரண்டு நிமிடங்கள் போதும்.

தம்பானூரில் மழைநீர் தேங்குவதை இந்நகரத்தார் நன்கறிவர். நீரில் மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கத் தோன்றும், செய்யலாகாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப் போல் சுருங்காததால் உள்ளிருக்கும் தண்டு வளையக்கூடும். தள்ளிக்கொண்டே பணிமனைக்குச் செல்வது மலிவு. நீர் புகுந்த எஞ்சினை இயக்கியதால் விளைந்த சேதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க மறுக்கவும் இடமுண்டு.

காப்பீட்டைப் பற்றி வாடிக்கையாளர் பலரிடம் ஒரு குழப்பம் நிலவுகிறது. 2018 செப்டம்பர் முதல் புதிய இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமாயிற்று. தாளில் ஐந்தாண்டு என்பதைக் கண்டு முழுப் பாதுகாப்பும் அதுவரை உண்டெனக் கருதிவிடுகிறோம். மூன்றாம் தரப்புக் காப்பீடு பிறருக்கு நேரும் இழப்பை மட்டுமே ஈடு செய்யும். வெள்ளத்தாலும் திருட்டாலும் நம் வண்டிக்கு நேரும் இழப்பு ‘சொந்தச் சேதம்’ என்ற தனிப் பகுதியைச் சேர்ந்தது. அது பெரும்பாலும் ஓராண்டிலேயே முடிந்துவிடும். கடன் தவணை நிலுவையில் இருக்கையில் அது காலாவதியானால், வெள்ளம் வண்டியைக் கெடுத்தபின்னும் தவணையை நாமே கட்டிக்கொண்டிருக்க நேரும். முடிந்து 90 நாள்களுக்கு மேல் புதுப்பிக்காவிடில், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த சலுகையும் போய்விடும். மே மாதத்திலேயே அத்தாளை எடுத்து, சொந்தச் சேதப் பகுதிக்கு எதிரே அச்சிட்டுள்ள முடிவு நாளைப் பார்த்து வைப்போம்.