கொடைக்கானலுக்குக் காரில்: குழந்தைகளோடு கிளம்பும் முன்

சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை அக்னி நட்சத்திரம். பள்ளி விடுமுறையும் அந்த நாட்களில்தான். மலைக்குப் போகலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்து, சென்னையிலிருந்து காரில் கொடைக்கானல் என்று முடிவாகியிருந்தால், முதல் வேலையாக ஒரே நாளில் போய்ச் சேரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

500 கிலோமீட்டருக்கு மேல் தூரம். பெரியவர்கள் மட்டும் போனால் காலையில் கிளம்பி மாலைக்குள் சேர்ந்துவிடலாம். குழந்தைகள் இருந்தால் ஒன்றுக்குப் போக, வாந்தி எடுக்க, சும்மா இறங்கி ஓட என்று நேரம் நீளும். அவர்கள் சோர்ந்து சிணுங்கும் பொழுதில்தான் மலைப்பாதை வளைவுகள் தொடங்கும். திருச்சியில் ஓர் இரவு தங்குங்கள். அறை வாடகை கொஞ்சம் கூடும். அடுத்த நாள் காலையில் எல்லோரும் முகம் தெளிந்து மலையேறுவார்கள்.

அறையை முதலில் போடுங்கள், இ-பாஸை அடுத்து எடுங்கள். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், எத்தனை பேர் என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். வரம்பு மாறக்கூடியது என்பதால் கிளம்பும் வாரத்தில் அரசின் இ-பாஸ் தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ் இலவசம், பணம் கேட்கிறவர் இடைத்தரகர். செவ்வாய் அல்லது புதன் கிளம்பினால் பாஸும் எளிது, சாலையும் எளிது. பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சி நாட்களில் ஏரியைச் சுற்றி வண்டி நகரவே நகராது. பூக்களுக்காகவே போகிறவர்கள் போகட்டும், மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

வண்டியை இப்போதே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கூலன்ட், பிரேக், ஏ.சி., ஸ்டெப்னி. டயர் காற்றை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: காலையில், வண்டி ஓடுவதற்கு முன். வெயிலில் ஓடிச் சூடேறிய டயர் அழுத்தத்தைக் கூட்டித்தான் காட்டும். அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033, உடம்புக்கு என்றால் 108. இரண்டையும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

முன்சீட்டில் அம்மா மடியில் குழந்தை என்ற நம் வழக்கத்தை இந்தப் பயணத்தோடு நிறுத்திவிடலாம். மோதினால் ஏர்பேக் விரியும் வேகத்தைச் சின்ன உடல் தாங்காது. 2019 சட்டத் திருத்தத்தின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணித்தால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. குழந்தை இருக்கையைப் புதிதாக வாங்குகிறவர்கள் கிளம்பும் நாளில் மாட்டாதீர்கள். ஒரு வாரம் முன்னரே மாட்டி, கடைத்தெருவரை உட்கார வைத்துப் பழக்குங்கள். இல்லாவிட்டால் தாம்பரம் தாண்டுவதற்குள் அழுகை தொடங்கிவிடும்.

எப்போது கிளம்புவது? “இரவு பதினோரு மணிக்கு எடுத்தால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வந்துவிடுவார்கள்” என்று அனுபவசாலி ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் சொல்வார். பிள்ளைகள் தூங்குவார்கள், சரி. அதிகாலை இரண்டிலிருந்து ஐந்துவரை ஓட்டுகிறவருக்கும் அல்லவா கண் செருகும்? பகல் முழுக்க அலுவலகத்தில் இருந்துவிட்டு இரவில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவரைத் தேநீர் காப்பாற்றாது. இரவில் நன்றாகத் தூங்கிவிட்டு நாலரை மணிக்கு எடுங்கள். பிள்ளைகள் செங்கல்பட்டுவரை தூங்குவார்கள், விடியும்போது பாலாற்றைப் பார்க்கலாம்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டுங்கள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி காலைக்கு, புளிசாதம் மதியத்துக்கு. தேங்காய்ச் சட்னி வேண்டாம், இந்த வெயிலில் பத்து மணிக்கே ஊசிவிடும். வழியில் நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் கிடைக்கும். நறுக்கி வைத்ததை வாங்காமல் கண்ணெதிரே வெட்டச் சொல்லுங்கள். தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். மலையில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் அங்கேயும் அது உதவும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கைந்து, ஆளுக்கொரு மாற்றுடை. இவை டிக்கியின் அடியில் போகாமல் கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் கழிப்பறையும் கிடைக்கும். “ஐந்தே நிமிடம்தான்” என்று குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள், தூங்கினாலும் சரி. மூடிய கார் வெயிலில் நின்றால் பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரிவரை ஏறிவிடும்.

ஃபோனைக் கொடுத்தால் சத்தம் அடங்கும், உண்மைதான். ஆனால் இந்தச் சாலையில் பார்க்க நிறைய இருக்கிறது. வண்டிகளின் நம்பர் பிளேட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள்: 19 செங்கல்பட்டு, 32 விழுப்புரம், 46 பெரம்பலூர், 45 திருச்சி, 57 திண்டுக்கல். எந்த எண் எங்கே கூடுகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி என்று பெரிய ஆறுகளை எண்ணச் சொல்லுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல்தான் திறப்பார்கள் என்பதால் மே மாதக் காவிரியில் பெரும்பாலும் மணல்தான் தெரியும். “தண்ணீர் எங்கே?” என்று கேள்வி வரும், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

பெரம்பலூருக்கு முன்னால் சாலையை ஒட்டியே ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகண்டபுரம் போரோடு தொடர்புள்ள இடம். மதிலும் அகழியுமாக, பிள்ளைகள் ஓடி விளையாட இதைவிட நல்ல இடம் வழியில் இல்லை. ஆனாலும் பெரும்பாலான கார்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகின்றன. இன்னொன்று சாத்தனூர் கல்மரம். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்து கல்லாகிப்போன, 18 மீட்டர் நீள அடிமரம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்றால் எட்டு வயதுப் பிள்ளை நம்பாது. மரத்தைத் தொட்டுப் பார்க்காமலே, அருகில் நின்று பார்த்தால் நம்பும். இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். பத்து மணிக்குள் சேர முடியாவிட்டால் போகும்போது விட்டுவிட்டு, திரும்பும் வழியில் திருச்சியிலிருந்து காலையில் கிளம்பிப் பாருங்கள். உச்சிவெயிலில் கோட்டைக் கல் அடுப்புத்தான்.

மறுநாள் திருச்சியில் ஐந்தரைக்கு எடுத்தால், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக வெயில் ஏறும் முன் மலையடிவாரம். ஏறுவதற்கு முன் வயிறு நிறையப் பால் கொடுக்காதீர்கள், வெறும் வயிறாகவும் விடாதீர்கள். இரண்டு இட்லி போதும். வளைவுகளில் ஃபோனும் புத்தகமும் கூடாது, கண் தொலைவில் இருக்கட்டும். ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலைத் திறங்கள். வாந்தி மாத்திரை வேண்டுமா என்பதைக் குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். கொடுப்பதாக இருந்தால் வளைவுகளுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்தால்தான் பயன். மேலே ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

மலையில் இடம் இடமாக அலையத் தேவையில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஏரிக்கரை, நடுவில் தூக்கம். குரங்குக்குத் தீனி போடவோ, கையில் தின்பண்டத்தோடு இறங்கவோ விடாதீர்கள்.

திரும்பும் நாள் ஞாயிறாக வேண்டாம். அன்று மாலை தென்மாவட்டங்களுக்குப் போன அத்தனை கார்களும் பரனூர் சுங்கச்சாவடியில் வந்து வரிசைகட்டும். வியாழனோ வெள்ளியோ பகலில் வந்துவிடுங்கள். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாளாவது முன்னதாக இருக்கட்டும். துணி துவைக்க வேண்டும், நோட்டுக்கு அட்டை போட வேண்டும்.