ஆட்டத்துக்கு முன் வரும் படபடப்பு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மார்ச் போட்டியில் ஒருமுறை தோற்றால் வெளியேற வேண்டியதுதான்; ரசிகரின் படபடப்புக்கு அதுவே காரணம். 2018இல் தரவரிசையின் உச்சியில் இருந்த வர்ஜீனியா, 16ஆம் தரநிலை அணியிடம் 74–54 எனத் தோற்றது. மறு ஆண்டே கோப்பையை வென்றது. ஆகவே முடிவை முன்கூட்டியே கணித்துக் கலங்குவதில் பயனில்லை.

பதற்றம் இல்லாமல் ரசனை ஏது என்பார்கள். சரிதான், ஆனால் 2006 கால்பந்து உலகக்கோப்பையில் ஜெர்மனி ஆடிய நாட்களில், மியூனிக் பகுதியில் இதய அவசரச் சிகிச்சை தேவைப்பட்டோர் இரண்டரை மடங்குக்கும் மேல் பெருகியதை ஆய்வு காட்டியது. எனவே வழக்கமான மாத்திரையை வேளை தவறாமல் போடுங்கள். காபியைக் குறைத்து, ஆட்டத்துக்கு முன் சற்று நடந்து வாருங்கள். நெஞ்சு வலித்தால், ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவ உதவி நாடுங்கள்.