போட் எஞ்சினின் கீழ்ப்பகுதியில் கைவைக்குமுன்: மன்னார்க் கடலுக்கான முழுமையான வழிகாட்டி

2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறியது. பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை, தலைமன்னார் என்று மன்னார்த் தீவின் கரைகளில் கிடக்கும் பைபர் போட்டுகளுக்கு அது பேரிடி. அதே எஞ்சினில் கூடுதல் வேகமும் குறைந்த எண்ணெய்ச் செலவும் வேண்டுமென்றால், எஞ்சினின் தலையைத் திறக்க வேண்டியதில்லை. தண்ணீருக்குள் கிடக்கும் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். ஆனால் ஒழுங்கு மாறாமல் பாருங்கள்: முதலில் உயரம், பிறகு புரொப்பெல்லர். வெட்டுவதும் துளைப்பதும் வேண்டாம்.

கீழே என்ன இருக்கிறது

எஞ்சினிலிருந்து நேராக இறங்கும் தண்டின் சுழற்சியை, கியர் பொக்ஸ் கிடையாகத் திருப்பிப் புரொப்பெல்லருக்குக் கொடுக்கிறது. திருப்பும்போதே சுற்றுகளை ஏறத்தாழப் பாதியாக்குகிறது. புரொப்பெல்லருக்கு மேலே அகலமாக நீட்டிக்கொண்டிருப்பது, மேற்பரப்புக் காற்று இலைகளுக்கு இறங்காமல் தடுக்கும் தட்டு. அடியில் இறங்கும் செட்டை போட்டை நேராக ஓட வைக்கிறது. மணலில் தட்டினால் முதல் அடியையும் அதுவே வாங்குகிறது. பக்கவாட்டுத் துவாரங்கள் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை உறிஞ்சுகின்றன.

முதற்படி: உயரம்

செலவே இல்லாத மாற்றம் இதுதான். பலனும் இதில்தான் அதிகம். குட்டைக்கால் எஞ்சின் 15 அங்குலப் பின்பலகைக்கும், நீளக்கால் எஞ்சின் 20 அங்குலப் பின்பலகைக்கும் செய்யப்பட்டவை. போட்டைக் கரையேற்றி, எஞ்சினை நிமிர்த்தி, போட்டின் அடியோடு ஒட்டி நேரான சட்டம் ஒன்றைப் பின்னோக்கிப் பிடியுங்கள். காற்றுத் தடுப்புத் தட்டு அந்தச் சட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும்.

அதைவிடத் தாழ்ந்திருந்தால், எஞ்சின் தன் காலையே தண்ணீரில் இழுத்து எண்ணெயை வீணாக்குகிறது. பின்பலகையின் மேல் விளிம்பில் வலுவான பலகைத் துண்டை வைத்து, அரை அங்குலம் அரை அங்குலமாக உயர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் இறுக்கிகளையும் போல்ட்டுகளையும் முறுக்கி, காப்புக் கயிற்றையும் கட்டியபின் ஓட்டிப் பாருங்கள். திருப்பத்தில் எஞ்சின் கத்தி, போட் இழுக்காமல் நின்றால் இலைகளுக்குக் காற்றுப் போகிறது. அரை அங்குலம் இறக்குங்கள். குளிர்விப்பு நீர் வெளியே பீச்சுவது மெலிந்தாலும் இறக்குங்கள்.

இந்தக் கடலில் ஒரே உயரம் ஆண்டு முழுக்கச் சரிவராது. சோளகத்தில் தீவின் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வாடையில் வடக்குக் கரை. அலையில் பின்பக்கம் தூக்கியெறியப்படும் காலத்துக்குத் தாழ்ந்த நிலையே பாதுகாப்பு.

இரண்டாம்படி: புரொப்பெல்லர்

புரொப்பெல்லரில் குறிக்கப்பட்டிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச். வழுக்கலே இல்லாவிட்டால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதே பிட்ச். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடி, கியர் அதைப் பாதியாக்கினால், 11 அங்குலப் பிட்ச் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 700 மீற்றர் தள்ள வேண்டும். மணிக்கு 42 கிலோமீற்றர். தண்ணீரில் கால்வாசி வழுக்கிப்போனால் மிஞ்சுவது 31.

பிட்சைக் கூட்டினால் வேகம் கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். எஞ்சின் அந்தப் பாரத்தை முழுச் சுற்றில் சுழற்றினால்தான் அது உண்மை. பிட்ச் ஓர் அங்குலம் கூடினால் 150 முதல் 200 சுற்று வரை குறையும். வலையும் ஐஸும் மீனும் ஏற்றிய போட்டில், கூடிய பிட்ச் எஞ்சினை மூச்சுத்திணற வைத்துச் சூடாக்கும். பிளக் வயரில் சுற்றிப் பார்க்கும் சிறிய டாக்கோமீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது பாருங்கள். முழு வேகத்தில் சுற்று, உங்கள் எஞ்சின் கையேட்டிலுள்ள வரம்புக்குள் வர வேண்டும். பல எஞ்சின்களுக்கு அது 4500 முதல் 5500. குறைந்தால் பிட்சைக் குறையுங்கள், கூடினால் கூட்டுங்கள். இலையின் விளிம்பு மணலில் தேய்ந்து மழுங்கியிருந்தால், புதிது வாங்குமுன் அதைச் சீராக்குங்கள்.

அணியம் தூக்கினால்

பலர் உடனே இறக்கைத் தட்டு வாங்கிப் பூட்டுகிறார்கள். அதற்குப் பெரும்பாலும் காற்றுத் தடுப்புத் தட்டில் துளையிட வேண்டும். பூட்டிய பிறகு வலை அதில் சிக்கும். வலைத்தொழில் போட்டுக்கு அது ஆகாது. எஞ்சின் சாய்வைத் தாங்கும் ஊசியைப் பின்பலகைக்கு நெருக்கமான துளைக்கு மாற்றுங்கள், அணியம் தாழும். எண்ணெய்க் கலங்களை முன்னே நகர்த்துவதும் உதவும்.

கைப்பிடி ஒரு பக்கம் இழுத்தால், காற்றுத் தடுப்புத் தட்டின் அடியில் இருக்கும் சிறிய சுக்கான் துண்டைத் தளர்த்துங்கள். போட் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே அதன் பின்முனையைச் சற்றுத் திருப்பி இறுக்குங்கள்.

செட்டையை வெட்டாதீர்கள்

இராமர் அணையின் மணல் திட்டுகளுக்கிடையே ஒரு மீற்றர் ஆழமே உள்ள இடங்கள் உண்டு. அங்கே தட்டாமல் போகலாமென்று செட்டையை அறுக்கும் யோசனை வரும். அறுத்தால் திருப்பத்தில் போட் பக்கவாட்டில் வழுக்கும், அடுத்த அடி நேரே புரொப்பெல்லரில் விழும். ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினைச் சாய்த்து மெதுவாகப் போங்கள். அங்கேதான் கடற்புல்லும் கடற்பசுவும் இருக்கின்றன. கியர் பொக்ஸின் முன்னால் பூட்டும், பந்தயப் போட்டுகளுக்கான கூர்மூக்கும் இங்கு வேண்டாம், மணிக்கு 30 கிலோமீற்றரில் அதனால் பயனில்லை.

சோதனையும் கியர் ஒயிலும்

வெறும் போட்டில் சோதித்து முடிவெடுக்காதீர்கள். தொழிலுக்குப் போகும் பாரத்தோடு, நீரோட்டத்தோடு ஒரு தடவையும் எதிராக ஒரு தடவையும் ஓடி, கைபேசி ஜிபிஎஸ் காட்டும் வேகங்களின் சராசரியை எழுதுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும்.

புரொப்பெல்லரைக் கழற்றும்போதெல்லாம் தண்டைச் சுற்றிக் கிடக்கும் நைலோன் நூலை வெட்டியெடுங்கள். அறுந்த வலைகள் மிதக்கும் இந்தக் கடலில், அந்த நூல்தான் தண்டின் ஒயில் சீலை அறுத்து உப்புநீரை உள்ளே விடுகிறது. கியர் பொக்ஸின் கீழ்த் திருகாணியைத் தளர்த்தி ஒயிலைப் பாருங்கள். பால்தேநீர் போல வெளிறியிருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. சீல் மாற்றும்வரை அந்த எஞ்சினோடு கடலுக்குப் போகாதீர்கள்.