கல்யாண ஆர்டருக்கு பீச் நிற ரோஜா: ஒரே நிறத்தில் பூ தருவது எப்படி?

திருமண வரவேற்பு மேடைக்கும் மாலைக்கும் இன்ன நிறத்தில்தான் ரோஜா வேண்டும் என்று சொல்லி வாங்கும் வழக்கம் நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. அப்படிக் கேட்கப்படும் நிறங்களில் ஒன்று பீச். கொடைக்கானல், நீலகிரி மலைகளில் விளையும் பீச் பழத்தின் சாயல் இது. மஞ்சளும் இளஞ்சிவப்பும் வெளிறிக் கலந்தது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் கால் ஏக்கர், அரை ஏக்கர் பசுமைக்குடில் வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கு இத்தகைய ஆர்டர் நல்ல வாய்ப்பு. ஆனால் சிவப்பு ரோஜாவை வெட்டிக் கட்டி அனுப்புவது போல இதையும் அனுப்பிவிடலாம் என்று எண்ணக் கூடாது. சிவப்பில் பூவுக்குப் பூ சிறிது வித்தியாசம் இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. பீச் நிறத்திலோ, ஒரே வாளியில் ஒரு பூ மஞ்சளாகவும் மறு பூ ரோஸாகவும் இருந்தால் மேடையில் பளிச்சென்று தெரியும். அலங்காரம் செய்பவர் பாதியைத் திருப்பிவிடுவார். முகூர்த்தம் முடிந்த மறுநாள் அந்தப் பூவுக்குச் சந்தையில் கேட்பார் இல்லை.

பீச் வேறு, பீஸ் வேறு

ஆர்டர் பேசும்போதே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ரோஜாவில் ‘பீஸ்’ என்றே பெயர் கொண்ட புகழ்பெற்ற ரகம் ஒன்று உண்டு. பிரான்ஸின் மெய்யான் குடும்பத்தார் உருவாக்கி, 1945ல் சமாதானத்தைக் குறிக்கும் அந்தப் பெயரைப் பெற்றது. அதன் பூ வெளிர் மஞ்சள்; இதழ் ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பு ஓடும். காதில் கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். போனில் பேசி முடிப்பதை விட, பூவையே கையில் கொடுத்து முடிப்பது நல்லது.

‘பீச்’ என்று கேட்பவர்களும் எல்லோரும் ஒன்றையே நினைப்பதில்லை. ஒருவருக்கு அது சந்தன நிறத்துக்கு அருகில். இன்னொருவருக்கு ஆரஞ்சுக்கு அருகில். மணமகளின் வரவேற்புப் புடவையில் ஒரு துண்டுத் துணியோ, ரவிக்கைத் துணியின் ஓரமோ கேட்டு வாங்கி, அதன் பக்கத்தில் பூவை வைத்துப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்த்தால் போதாது. மஞ்சள் விளக்கின் கீழ் இந்தப் பூ ஆரஞ்சுப் பக்கம் சாயும், வெண்ணிற எல்.இ.டி. விளக்கின் கீழ் வெளிறிப் போகும். வரவேற்பு பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது. எந்த மண்டபம், என்ன விளக்கு என்று கேட்டு, அத்தகைய விளக்கின் கீழ் ஒருமுறை பார்த்துவிட்டே சம்மதம் சொல்ல வேண்டும்.

நிறம் ஏன் மாறுகிறது?

பீச் நிறம் ஒரே சாயத்தால் வருவதல்ல. இதழில் உள்ள மஞ்சள் சாயமான கரோட்டினாய்டும், சிவப்பு தரும் ஆந்தோசயனினும் சேர்ந்தே இதைத் தருகின்றன. (பழைய தோட்ட ரோஜாக்களில் ஆழ்ந்த மஞ்சள் அபூர்வம். லியான் நகரத்துப் பெர்னே-துஷே என்பவர் பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து 1900ல் ‘சோலே தோர்’ ரகத்தை வெளியிட்டார். இன்றைய மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்களில் பல அந்த வழியில் வந்தவை.) இந்த இரண்டு சாயங்களும் வெயிலுக்கும் குளிருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதே தொல்லை.

இரவு குளிர்ந்தால் ஆந்தோசயனின் கூடுதலாக உண்டாகும். பூ ரோஸ் சாயல் பெறும். வெப்பம் ஏறினால் அது குறையும். பூ வெளிறி, சந்தன நிறத்துக்குப் போகும். பூ விரிய விரிய, வெளிச்சம் பட்ட மஞ்சளும் மங்கும். ஆகவே மொட்டில் ஒரு நிறம், பாதி விரிந்ததில் ஒரு நிறம், முழுதும் விரிந்ததில் ஒரு நிறம்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கேயே தை மாதப் பூவும் வைகாசிப் பூவும் ஒரே செடியில் இரண்டு விதமாக இருக்கும். தையில் காட்டிய மாதிரிப் பூவை வைத்து வைகாசி ஆர்டர் பிடிப்பது தகராறுக்கே வழி. ஒவ்வொரு பருவத்திலும் தன் பூவைப் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் படம் எடுத்து, தேதி குறித்து வைத்திருப்பவருக்கு அடுத்த ஆண்டு பேச்சு சுலபம்.

சமவெளி விவசாயிகள் இந்த நிறத்தை நம்பி இறங்க வேண்டாம். 35 டிகிரிக்கு மேல் வெயில் காயும் இடத்தில் பூ சிறுத்து, நிறம் கழன்றுவிடும். அவர்களுக்கு வேறு வழி உண்டு, அது பின்னால்.

ஒரே குடும்ப ரகங்கள்

பல ரகங்களிலிருந்து பீச் நிறப் பூக்களைப் பொறுக்கிச் சேர்ப்பது தவறு. நிறம் ஒத்தாலும் பூவின் தலை அளவு, இதழ் எண்ணிக்கை, விரியும் வேகம் ஒத்துவராது. மாலையில் ஒன்று விரிந்து நிற்க, மற்றொன்று மொட்டாகவே இருக்கும். ஆர்டர் முழுவதையும் ஒரே ரகத்தில், ஒரே பாத்தியில், ஒரே நாளில் கவாத்து செய்த செடிகளிலிருந்து தர முடிந்தால்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

துணை நிறம் கேட்டால் ரகத்தின் குடும்பத்தைப் பார்ப்பது பலன் தரும். ‘அவலாஞ்ச்’ என்னும் வெள்ளை ரகத்தின் கிளையில் தானாகத் திரிந்து வந்தவை ‘பீச் அவலாஞ்ச்’, வெளிர் ரோஸ் நிறமான ‘ஸ்வீட் அவலாஞ்ச்’ ஆகியவை. இவற்றுக்குத் தலை அளவும் உருவமும் ஒன்றுபோல் இருக்கும். விரியும் வேகமும் ஏறக்குறைய ஒன்றே. வெள்ளையும் பீச்சும் கலந்து கட்டும் மேடைக்கு இதைவிடப் பொருத்தம் தேடுவது கடினம். ஆனால் இத்தகைய ரகங்களுக்கு உரிமைக் கட்டணம் உண்டு. உரிமை பெற்ற நாற்றங்காலில்தான் ஒட்டுச் செடி வாங்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக் குச்சியை வெட்டி ஒட்டுவது கூடாது. கிளைத் திரிபால் வந்த ரகங்கள் சில சமயம் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பீச் பாத்தியில் வெள்ளைப் பூ காட்டும் கிளைக்குத் துணி கட்டி அடையாளம் வைத்து, அடியோடு நீக்கிவிட வேண்டும்.

நாட்காட்டியிலிருந்து பின்னோக்கி எண்ணுதல்

கல்யாணப் பூ சாகுபடியில் ஒரு வசதி, முகூர்த்த நாட்கள் ஓராண்டுக்கு முன்பே நாட்காட்டியில் அச்சாகிவிடுகின்றன. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பலர் செய்வதில்லை. தை பிறந்ததும் கூட்டம் தொடங்கும்.

கவாத்து செய்த செடி பொதுவாக 42 முதல் 45 நாட்களில் வெட்டும் பூ தரும். குளிர் காலத்தில் இது ஒரு வாரம், பத்து நாள் நீளும். தளிப் பக்கத்தில் 25 சென்ட் குடில் வைத்திருப்பவருக்கு பிப்ரவரி 1 முகூர்த்தத்துக்கு 1,000 தண்டு ஆர்டர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெட்ட வேண்டிய நாள் ஜனவரி 29. குளிர் காலம் ஆகையால் 50 நாள் கணக்கு; டிசம்பர் 10 கவாத்து நாளாகிறது. இதே ஆர்டர் மே 28க்கு என்றால் வெட்டு மே 26, கணக்கு 43 நாள், கவாத்து ஏப்ரல் 13. இந்த நாட்கணக்கு ரகத்துக்கு ரகமும் குடிலுக்குக் குடிலும் மாறும். தன் குடிலில் கவாத்து நாளையும் முதல் வெட்டு நாளையும் இரண்டு பருவம் நோட்டில் எழுதி வைத்திருப்பவரே துணிந்து தேதி சொல்லலாம்.

முழுப் பாத்தியையும் ஒரே நாளில் வெட்டிவிடாமல், குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பு ஒரு சிறு பகுதி, குறித்த நாளில் பெரும் பகுதி, மூன்று நாள் பின்பு ஒரு சிறு பகுதி என்று செய்தால் வானிலை ஏமாற்றினாலும் கை கொடுக்கும். முக்கிய ஆர்டர் நடுப் பகுதியிலிருந்தே போக வேண்டும். தடித்த அடித்தண்டில் இரண்டு, மூன்று கணு விட்டு, வெளிப்புறம் நோக்கிய கண்ணுக்கு மேல் வெட்ட வேண்டும். மெலிந்த தண்டுகளை வெட்டாமல் வளைத்து விட்டால் அந்த இலைகள் செடிக்கு உணவு தயாரிக்கும். நிறம், நீளம் பார்த்துக் கழிப்பது போக 1,000 தண்டு தேற வேண்டுமானால், செடிக்கு ஒரு நல்ல தண்டு என்று கொண்டு 1,300 செடிகளாவது கவாத்தில் இருப்பது பாதுகாப்பு.

பக்க மொட்டுகளைச் சிறிதாக இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். நடுமொட்டு பட்டாணி அளவில் தெரிந்த நாளிலிருந்து இரண்டரை, மூன்று வாரத்தில் பூ வெட்டுக்கு வரும். குளிரில் இன்னும் சில நாள் கூடும். பிந்துகிறது என்று தெரிந்தால் மாலையில் பக்கத் திரையைச் சீக்கிரம் இறக்கி வெப்பத்தைக் காக்கலாம். ஆனால் இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். இரவு முழுவதும் மூடிய குடிலில் ஈரம் தேங்கி, விடியற்காலையில் பூவின் மேல் நீர் கோர்க்கும். பொட்ரைட்டிஸ் என்னும் பூ அழுகல் நோய்க்கு அதுவே அழைப்பு. சிவப்புப் பூவில் கண்ணுக்குத் தெரியாத புள்ளி பீச் இதழில் அம்மைத் தழும்பு போலத் தெரியும். காலையில் திரையைத் தூக்கி ஈரத்தை வெளியேற்ற வேண்டும். உதிர்ந்த இதழ்களையும் வாடிய பூக்களையும் அன்றாடம் பொறுக்கி வெளியே கொண்டு போய்ப் புதைக்க வேண்டும். இரண்டு நாள் பிந்துவது மேல். புள்ளி விழுந்த பூ யாருக்கும் ஆகாது.

இலைப்பேனும் இப்படித்தான். மொட்டுக்குள் புகுந்து சுரண்டும். வெளிர் இதழின் ஓரம் தீய்ந்தது போலப் பழுப்பாகும். மொட்டு தெரியும் முன்பே நீலம் அல்லது மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டிக் கண்காணிக்க வேண்டும். மொட்டு நிறம் காட்டிய பிறகு நனையும் கந்தகம் போன்ற படியும் மருந்துகளைப் பூவின் மேல் அடிக்கக் கூடாது. வெள்ளைத் திட்டு போகாது.

வெட்டும் வைப்பும்

வெயில் ஏறும் முன் வெட்ட வேண்டும். புற இதழ் ஒன்றிரண்டு பிரியத் தொடங்கும் நிலை தொலைதூரத்துக்கு. அதே ஊர் மேடைக்கு இன்னும் சற்று விரிந்தது. எந்த நிலை என்பதை விட எல்லாப் பூவும் ஒரே நிலை என்பதுதான் இங்கு பெரிது. ஒருவரே வெட்டுவது நல்லது. இருவர் வெட்டினால் இரண்டு நிலை வந்துவிடும்.

வெட்டிய உடனே சுத்தமான பிளாஸ்டிக் வாளியில், சிட்ரிக் அமிலம் கலந்த நீரில் நிறுத்த வேண்டும். 10 லிட்டருக்கு 3 கிராம் அளவில் தொடங்கி, பி.எச். தாளில் 3.5 முதல் 4 காட்டும் வரை சேர்க்கலாம்; உப்புத் தண்ணீருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். நான்கைந்து மணி நேரம் நீர் குடித்த பிறகு தரம் பிரித்து, 20 தண்டுக் கட்டாகக் கட்ட வேண்டும். தரம் பிரிக்கும் மேஜையில் வெளிச்சம் ஒரே சீராக இருக்கட்டும். ஒரு மாதிரிப் பூவை நடுவில் வைத்து ஒவ்வொரு தண்டையும் அதனருகே காட்டிப் பிரித்தால், ரோஸ் சாய்வு ஒரு பக்கம், சந்தனச் சாய்வு ஒரு பக்கம் தானாக ஒதுங்கும். குளிர் அறை 2 முதல் 4 டிகிரி.

வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் இன்னொரு எச்சரிக்கை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது மாம்பழக் காலம். திரும்பும் வண்டி என்று மாங்காய்க் கூடைகளோடு ரோஜாவை ஏற்றிவிடுவது உண்டு. பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் பூ சரியாக விரியாது, இதழும் உதிரும். குளிர் அறையிலும் பழத்தோடு வைக்கக் கூடாது.

துணைப் பூ

மேடை முழுவதும் ஒரே பீச் நிறம் என்று கேட்பவரிடம், முக்கிய நிறம் பத்தில் ஆறு பங்கு, மீதியில் வெள்ளையோ வெளிர் ரோஸோ என்று எடுத்துச் சொல்லலாம். வெறும் பேரத் தந்திரம் அல்ல. இரவு விளக்கில் ஒரே வெளிர் நிறம் தட்டையாகத் தெரியும், பக்கத்தில் வெள்ளை இருந்தால்தான் பீச் எடுத்துக் காட்டும். பூவுக்குப் பூ உள்ள சிறு வேறுபாடும் அதில் மறையும். சமவெளி விவசாயிக்கு இடம் இருப்பது இங்கேதான். சத்தியமங்கலம் போன்ற இடங்களில் விளையும் சம்பங்கி, பீச் ரோஜாவுக்கு மிக நல்ல ஜோடி. மாலைக்கும் ஆகும், மேடைக்கும் ஆகும். வெள்ளைப் பூவைச் சாயத்தில் முக்கி பீச் ஆக்கித் தரும் யோசனையை மட்டும் ஏற்க வேண்டாம். ஈரம் பட்டால் சாயம் இறங்கி மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் கறை பிடிக்கும்.

பேச்சு முடிந்ததும் ரகம், தண்டு நீளம், எண்ணிக்கை, விரிந்த நிலை, ஒப்படைக்கும் நாள், நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கவாத்துக்கு முன்பே முன்பணம் கைக்கு வர வேண்டும். கல்யாணம் தள்ளிப்போனால் செடி காத்திருக்காது. அந்த நஷ்டம் யாருடையது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். கழிக்கப்பட்ட சாய்வு நிறப் பூக்களை அதே அலங்காரக்காரரிடமே இதழ் மாலைக்கென்று தனி விலையில் பேசி வைக்கலாம். இதழாகப் பிரித்து நெருக்கிக் கோக்கும் மாலையில் ரோஸும் சந்தனமும் கலந்து வந்தால் குறையில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலைக்குள் அவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும்; இதழ் மாலை கோப்பவர்களுக்கு வேலை இரவில்தான்.