பட்டி பார்ப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்டியல் வந்து சேர்ந்தது. காக்ஸ் டவுன் வீட்டுக்குப் பதினேழு வேலை எழுதி, பக்கத்தில் மதிப்பீடும் போட்டிருக்கிறாய். இரண்டு தடவை படித்துவிட்டுப் பென்சிலால் பன்னிரண்டை அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அடித்ததெல்லாம் நல்ல வேலைகள்தான். அந்த வீட்டில் நீ குடியிருக்கப் போகிறாய் என்றால் ஒன்றுவிடாமல் செய்யச் சொல்வேன். விற்கிற வீட்டுக்குக் கணக்கு வேறு.

உன் அப்பாவும் நானும் மேஸ்திரிகளாகத் திரிந்த நாளில், விற்கிற வீட்டைத் தயார் செய்து கொடுக்க என்று தனியாக ஒரு தொழில் கிடையாது. விற்பதென்று முடிவானால் ஒட்டடை அடிப்பார்கள், வெள்ளையடிப்பார்கள், தரகருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அமெரிக்காவில் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்கிற அம்மாள் 1970களிலேயே ‘ஹோம் ஸ்டேஜிங்’ என்று பேர் வைத்து இதைத் தொழிலாக்கிவிட்டார். இப்போது பெங்களூரில் நீ செய்கிறாய். அடுத்தவர் பணத்தை வாங்கி அவர் வீட்டிலேயே செலவழிக்கிற தொழில் இது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கேட்க வேண்டியது, விற்கப்போவது வீடா, மனையா என்று. ஜெயநகரில் 40க்கு 60 மனையில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர். வெளிநாட்டிலிருந்து மகன் பணம் அனுப்பினான். புது மாடுலர் கிச்சன், தரை முழுக்க விட்ரிஃபைட் டைல்ஸ். வேண்டாம் சார் என்று சொன்னேன், கேட்கவில்லை. வாங்க வந்தவர் ஒரு பில்டர். அவர் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. கேட்டருகே நின்று முகப்பை டேப் பிடித்து அளந்தார், ரோடு எத்தனை அடி என்று கேட்டார், மின்கம்பம் எங்கே நிற்கிறது என்று பார்த்தார், விலை பேசினார். பத்திரம் முடிந்த மூன்றாம் மாதம் ஜேசிபி வந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கிச்சன் கதவுகள் குட்டியானை வண்டியில் பழைய சாமான் கடைக்குப் போனதை நான் ரோட்டில் நின்று பார்த்தேன்.

விற்கிற வீடு இருக்கிற தெருவில் பழைய வீடு இடிபட்டு நாலு மாடி எழும்பியிருக்கிறதா என்று ஒரு நடை நடந்து பார்த்தால் போதும், மனையா வீடா என்பது தெரிந்துவிடும். மனை என்றால் புதர் வெட்டு, நாலு மூலைக் கல்லும் தெரியும்படி செய், பத்திரத்தில் உள்ள அளவோடு தரையில் உள்ள அளவு ஒத்துப்போகிறதா பார். அதோடு நிறுத்திக்கொள். முகப்பை மறைக்கிறதென்று தெருவோர மரத்தில் கை வைத்துவிடாதே. 1976ஆம் வருஷத்து கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

காக்ஸ் டவுன் வீடு அப்படியில்லை. 30க்கு 40 மனை, 1987ல் கட்டியது, கட்டடம் திடமாக இருக்கிறது, மேல் போர்ஷனில் வாடகை வருகிறது. கீழே தான் குடியிருந்துகொண்டு மேலே வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடுகிற குடும்பம்தான் வரும். அவர்கள் வீட்டைத்தான் பார்ப்பார்கள். அதனால் அவர்கள் சட்டைப்பையை நீ கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒன்றரைக் கோடி விலை என்று வைத்துக்கொள். கடன் 75 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக 37.5 லட்சம் கைப்பணம். முத்திரைத் தீர்வை, செஸ், சர்சார்ஜ் எல்லாம் சேர்த்து 5.6 சதவீதம், பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதமாக ஏறிவிட்டது. அது இன்னொரு 11.4 லட்சம். இதை வங்கி கடனில் சேர்க்காது. ஏறக்குறைய 49 லட்சத்தைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு நிற்கிற மனிதனிடம் வீட்டை ரிப்பேர் செய்யக் காசு இருக்குமா? அதனால்தான் ஒழுகுகிற குழாயைப் பார்த்தால் அவனுக்குக் குழாய் தெரிவதில்லை, சுவருக்குள் இருக்கிற பைப் முழுவதும் தெரிகிறது. இருபதாயிரம் ரூபாய் வேலைக்கு இரண்டு லட்சம் குறைத்துக் கேட்பான். அவன்மேல் தப்பில்லை. நீ செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் அவன் மனசில் இருக்கிற ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். அந்தச் சல்லடையில் சலித்துத்தான் உன் பதினேழில் ஐந்தை மிச்சம் வைத்தேன்.

சமையலறையை முழுக்க மாற்றுவது அடிபட்டதில் முதல். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ‘காஸ்ட் வெர்சஸ் வேல்யூ’ என்று ஓர் அறிக்கை வருகிறது. 2024 அறிக்கையில் போட்ட பணத்துக்கு மேல் திருப்பித் தந்த வேலைகளில் முதலிடம் கார் ஷெட் கதவுக்கு; வாசற்கதவும் மேலேதான் இருந்தது. ஆடம்பரச் சமையலறைக்குப் போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. அந்த ஊர்க் கணக்கை இங்கே அப்படியே ஒட்ட முடியாது என்றாலும் இந்த விஷயத்தில் என் அனுபவமும் அதுதான். இழுப்பறைச் சேனலை மாற்று, சிங்குக்கு அடியில் ஊறிப்போன பலகையை மாற்று, பரணைக் காலி செய். பழைய தேக்குக் கதவைத் தேய்த்துப் பாலிஷ் போடு. போதும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். உன் பட்டியலில் நாலாவது வேலை: ‘ஹால் வடக்குச் சுவர், பட்டி பார்த்து டெக்ஸ்சர் பெயின்ட்.’ நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பெயின்ட் கொப்புளம் விட்டிருக்கிறது. நாளைக்குப் போய்க் கட்டைவிரலால் அதை அழுத்து. அப்பளம் மாதிரி உடையும். உள்ளே வெள்ளையாய் மாவு போல விரலில் ஒட்டும். சுண்ணாம்பென்று தட்டிவிட்டுப் போய்விடாதே. செங்கல்லுக்குள் இருந்த உப்பு ஈரத்தோடு வெளியே வந்து பூத்திருக்கிறது. ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடு. தாளுக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் என்றால் அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதா, தோட்ட மண் சுவரை அணைத்துக் கிடக்கிறதா, மாடித் தண்ணீர் வடிகிற குழாய் அங்கே உடைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பட்டியைக் கையில் எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் புரையோடிய புண்ணுக்குச் சந்தனம் பூசுகிற கதைதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அல்சூரில் ஒரு வீடு. படுக்கையறைச் சுவரில் ஓதம் அடிக்கிறதென்று வீட்டுக்காரர் என்னிடம் சொல்லித்தான் வேலையைக் கொடுத்தார். ஏப்ரல் மாதம், சுவர் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. சுரண்டி, இரண்டு கை பட்டி வைத்து, எமல்ஷன் அடித்துக் கொடுத்தேன். மே மாதம் பத்திரம் முடிந்தது. செப்டம்பரில் வாங்கியவரின் அம்மா ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். கையில் தினத்தாள் பொட்டலம். அதைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் செதில்கள், பின்பக்கம் பச்சையாய்ப் பூஞ்சை. “இது என்ன மேஸ்திரி?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மறுநாளே ஆளோடு போய்ச் சுவரை வெட்டிப் பைப்பை மாற்றி, பூச்சு காயக் காத்திருந்து என் செலவில் முடித்துக் கொடுத்தேன். அந்த வேலையில் வந்ததைப்போல மூன்று மடங்கு போயிற்று. அதற்கப்புறம் அந்தத் தெருவில் எனக்கு வேலை வரவில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது என்று பிறகு ஒரு வக்கீல் எனக்குக் காட்டினார். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு: விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே எழுதியிருக்கிறது. குறையை மறைக்கப் பட்டி வைத்த கை உன்னுடையது என்றால் நீ எந்தப் பக்கம் நிற்பாய் என்று யோசித்துக்கொள்.

தரகர்கள் மழைக்காலத்தில் வீட்டைக் காட்டாதே என்பார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். மாடி நீர்க்காப்பு வேலையை மே மாதத்துக்குள் முடி. கன்னடக்காரர்கள் ஆஷாட மாதத்தில் எப்படியும் அட்வான்ஸ் தரமாட்டார்கள். நம்மவர்களுக்கும் ஆடி ஆகாது. அந்த நாளில் உள்வேலைகளைப் பார். ஆவணி பிறந்ததும் மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வீட்டைக் காட்டு. வெளியே கொட்டும்போது உள்ளே காய்ந்து நிற்கிற சுவரைத் தொட்டுப் பார்த்தவன் அதன் பிறகு டைல்ஸ் நிறத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்தது தண்ணீர். 2024 மார்ச்சில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த அந்தக் கோடையைப் பார்த்தவர்கள், படுக்கையறை எத்தனை என்று கேட்பதற்கு முன் காவேரி கனெக்‌ஷன் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். தரைக்கடித் தொட்டியான சம்ப்பின் மூடியைத் திறக்கச் சொல்வார்கள். கழுவி வை. அடியில் சேறும் மேலே கரப்பான்பூச்சியும் தெரிந்தால் அந்த வீட்டுச் சமையலறையை நீ தங்கத்தில் செய்தாலும் பிரயோஜனமில்லை. 40க்கு 60 மனையில் உள்ள வீடுகள் கைக்கு வந்தால் மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா என்றும் பார். இல்லாவிட்டால் தண்ணீர் பில்லில் அபராதம் ஏறிக்கொண்டிருக்கும், அதையும் வாங்குபவர் படிப்பார்.

ஹாலில் ரெட் ஆக்சைடு தரை இருக்கிறது. அதன் மேல் டைல்ஸ் என்று ஒன்பதாவது வேலையில் எழுதியிருக்கிறாய். எப்படி மனசு வந்தது? அந்தத் தரையை இன்று புதிதாகப் போட ஆள் தேடினால் கிடைப்பது கஷ்டம். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெழுகு தேய். முடிந்தது வேலை. பூஜை அறைப் படங்களை எடுத்துவிடச் சொன்னதையும் அடித்திருக்கிறேன். வெளிநாட்டுப் பாடத்தில் வீட்டுக்காரர் அடையாளம் எதுவும் தெரியக்கூடாது என்பார்கள். இங்கே விளக்கு எரிகிற வீட்டைப் பார்த்தால்தான் வருகிற மாமியாருக்கு மனசு ஒப்பும், முடிவு சொல்கிறவர் பல வீடுகளில் அவர்தான். பாச்சை உருண்டை வாசனையைப் போக்கு, கொசுவலையைக் கழற்றிக் கழுவு, ஓர் அறைக்கு மஞ்சள், ஓர் அறைக்கு வெள்ளை என்றில்லாமல் ஒரே மாதிரி பல்பு போடு. வாஸ்துவுக்காகச் சுவரை இடிக்காதே. வாங்குபவரின் ஜோசியர் வேறு ஏதாவது சொல்வார்.

மாடியில் ஷீட் போட்டு இன்னொரு அறை என்று எழுதியிருந்ததை மட்டும் இரண்டு கோடு போட்டு அடித்தேன். பிளானில் இல்லாத அறை விலையை ஏற்றாது. வங்கியின் வக்கீல் கையில் கோப்பு போனதும் மொத்த விற்பனையும் அங்கே நின்றுவிடும்.

காகிதம் உன் வேலை இல்லை என்று நினைக்கிறாய். வீட்டுக்காரரிடம் நீ கேட்கிற முதல் கேள்வியே அதுவாக இருக்கட்டும். கத்தா என்பது சொத்து யார் பேரில் என்கிற மாநகராட்சிப் பதிவு; 2024 அக்டோபரிலிருந்து அதன் மின்வடிவமான இ-கத்தா இல்லாமல் இந்த நகரத்தில் பத்திரம் பதிய முடியாது. காக்ஸ் டவுன் வீட்டில் கத்தா இன்னும் இறந்துபோன தாத்தா பேரில் இருக்கிறதென்று நீயே எழுதியிருக்கிறாய், அதுவும் ஏதோ உபரித் தகவல் மாதிரி கடைசி வரியில். தம்பி, பதினேழு வேலைக்கும் முன்னால் வரவேண்டிய வேலை அது. வாரிசுகள் எத்தனை பேர், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்று தெரியாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதே. அது தீர ஆறு மாதம் ஆனால் நீ அடித்த பெயின்ட்டும் ஆறு மாதம் பழசாகிவிடும்.

செய்கிற வேலைக்கெல்லாம் வீட்டுக்காரர் பேரில் பில் வாங்கிக் கொடு, பணத்தை வங்கி மூலம் வாங்கு. பைப் லைனை முழுக்க மாற்றுவது போன்ற நிரந்தர வேலைகளை மூலதன ஆதாய வரி போடும்போது செலவில் காட்ட இடமுண்டு. வெறும் பெயின்ட்டுக்கு அது பொதுவாகச் செல்லாது. மற்றதை அவருடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

நான் விட்டுவைத்த ஐந்து: மாடி நீர்க்காப்பு, வடக்குச் சுவர் ஈரம், சம்ப்பும் குழாய்களும், வாசற்கதவு, கடைசியாக உள்பக்கம் ஒரே நிறத்தில் பெயின்ட். உன் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. உன் சம்பளமும் குறையும், தெரியும். வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லியே வாங்கு. அவர் அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது முதலில் மாடிக்கு ஏறு. நீர் வடிகிற ஓட்டைகளைப் பழைய துணியும் சாக்கும் வைத்து அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பார். ஆயிரம் சதுர அடிக்கு ஏறக்குறைய 2,360 லிட்டர் வேண்டும். டேங்கருக்குச் சொல்லாதே, காவேரித் தண்ணீரையும் திறந்துவிடாதே. இந்த வாரம் மழை வரும் போலிருக்கிறது. ஓட்டையை அடைத்து வைத்தால் அதுவே நிரப்பிவிடும். உன் அப்பா அப்படித்தான் பார்ப்பார்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து அண்ணன்