ஐப்பசி மழைக்கு முன் வீட்டுக் கூரையைச் செப்பனிடுதல்

குளிர்காலத்தில் பனிக்கட்டியின் பாரத்துக்கு அஞ்சிக் கூரையைப் பலப்படுத்தும் தேசங்கள் உண்டு. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு அக்கவலை இல்லை. இங்கே கூரைக்குச் சத்துரு வடகிழக்குப் பருவமழையே. அது சாதாரணமாக அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். வருஷம் முழுவதும் பெய்யும் சுமார் 140 செ.மீ. மழையில் பாதிக்கு மேற்பட்டது இம்மூன்று மாதங்களில் இறங்கிவிடுகிறது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் சுமார் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. ஆயிரம் சதுர அடி மச்சின்மேல் ஒரு செ.மீ. மழை விழுந்தால் ஏறக்குறைய 930 லிட்டர் ஜலமாகும். அந்த ஒரு நாளில் அத்தகைய மச்சு ஒன்றின்மேல் 43,000 லிட்டருக்கு மேல் விழுந்ததென்பது கணக்கிட்டால் விளங்கும்.

ஒழுக்கு என்பது வாசத்துக்கு அசௌகரியம் மாத்திரமன்று. நவரைப் பட்டத்துக்குரிய விதை நெல் மார்கழி, தை வரையில் வீட்டிலேயே இருக்கவேண்டும். அதன் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்பட்டால் பூஞ்சணம் பற்றும். முளைப்புத் திறன் குன்றும். ஆகையால் விதை வைக்கும் அறைக்கு மேலுள்ள கூரையையே முதலில் சோதித்தல் வேண்டும்.

பழைய வீடுகளில் காணப்படும் மெட்ராஸ் மச்சு, மர விட்டங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பிட்டு, அதன்மேல் செங்கல் ஜல்லித் தளம் போட்டுத் தட்டோடு பதித்ததாகும். ஓட்டின் இடுக்குகளில் பிளவு கண்டால், பழைய சாந்தைச் சுரண்டியெடுத்து, சுண்ணாம்பும் சுருக்கியும் கலந்த சாந்தினால் அடைப்பதே தகுதி. கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்ப்பது முன்னோர் வழக்கம். அவசரத்தை முன்னிட்டு அநேகர் மேலே சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள், இது உசிதமன்று. சிமெண்டு விறைப்பானது, கீழுள்ள சுண்ணாம்புத் தளத்தோடு இசையாமல் வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கி, விட்டத்தின் தலைகளை உளுக்கச் செய்யும். சுண்ணாம்பு இறுகச் சில வாரங்கள் ஆகுமாதலால் ஆவணியிலேயே வேலையைத் தொடங்கி, ஈரச் சாக்குகளால் மூடிப் பதப்படுத்த வேண்டும்.

மச்சு எதுவாயினும், காங்கிரீட் ஆயினும், பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது சரிவு இருத்தல் அவசியம். தூம்பு வாயில் ஒரு பிடி வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டாலே மச்சு குளமாகிவிடும். நூறு சதுர அடியில் ஓரங்குலம் நின்ற நீர் சுமார் 236 கிலோ எடையுள்ளது. 75 கிலோ நெல் மூட்டைகள் மூன்றை ஏற்றிவைத்ததற்கும் அது அதிகம். கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றை வெட்டுவதால் பயனில்லை. காரையைப் பெயர்த்து வேரோடு களைந்து பூசவேண்டும். தாமதித்தால் சுவரே பிளக்கும்.

ஓட்டு வீடுகளில் ஒழுக்கு பெரும்பாலும் கூடல்வாயிலும் முகட்டோட்டிலுமே காணும். நடு ஓட்டைத் தேடிக் காலத்தைக் கழிப்பதற்கு முன் இவ்விரண்டையும் பார்ப்பது லாபம். கைமரத்தைக் கத்தி முனையால் குத்திப் பார்த்து, கறையான் அரித்ததை மாற்றுக. 2016-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயல் சென்னைக்கருகே கரையைக் கடந்தபோது கண்டதுபோன்ற காற்று, தாழ்வாரத்தின் அடியில் புகுந்து கூரையை மேல்நோக்கித் தூக்கும். ஆகவே இறவாண வரிசை ஓடுகளைத் துத்தநாகம் பூசிய கம்பியால் ரீப்பரோடு பிணைத்தல் நலம். கல்நார்த் தகட்டின்மேல் நேராகக் கால்வைத்து ஏறுவது ஆபத்து; பலகையிட்டே ஏறவேண்டும். கீற்றுக் கூரையைப் புதுக் கீற்றால் வேய்வதோடு, மேலே கயிற்று வலை போட்டு இறுக்குவது போதும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் புரட்டாசியிலேயே பள்ளிக்கூடம், சத்துணவுக் கூடம், குடிசைகள் ஆகியவற்றின் கூரைகளைப் பார்வையிட்டுக் குறித்துவைப்பாராயின், மழைக்குப் பின் சேதத்தை மதிப்பிடும்போது தகராறு குறையும். 2003-ஆம் வருஷத்துச் சட்டத்தால் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியையும் அப்போதே வண்டல் நீக்கச் சொல்லலாம். முதல் இரண்டொரு மழையின் நீர் மச்சின் அழுக்கைக் கொண்டுவருவதால், அதை வெளியே விட்டபின்னரே குழாயைத் தொட்டிக்குத் திருப்பவேண்டும்.